எம்டன் நடத்திய பாடம்: பிரிட்டனுக்கு இன்னும் பெரிய கடற்படை வேண்டுமா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாக இருப்பவர்கள் இரவு சாப்பாடு முடிந்த பிறகு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவன் ஒருவன் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்திலிருந்து இரண்டு படங்கள் அனுப்பினான். ஒன்றில் நெல்சன் பிரபு உயிர்விட்ட 'விக்டரி' என்ற பழைய மரக்கப்பல். இன்னொன்றில் இன்றைய விமானந்தாங்கிக் கப்பல். கூடவே ஒரு கேள்வி: "சார், இங்கிலாந்து தீவு நாடு, அதனால் பெரிய கடற்படை வைத்திருந்தது என்று எட்டாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தீர்கள். இப்போது சாம்ராஜ்யமும் இல்லை, எதிரி படையெடுத்து வரப்போவதும் இல்லை. இன்னும் எதற்கு சார் இவ்வளவு செலவு?"

சட்டென்று பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. யோசிக்க யோசிக்க, நான் வகுப்பில் சொன்ன பதிலே பாதிதான் சரி என்று தெரிந்தது. "இங்கிலாந்து உலக வல்லரசானதற்குக் காரணம் என்ன?" என்பது நம் ஐந்து மதிப்பெண் வினா. "அது ஒரு தீவு, தன்னைக் காத்துக்கொள்ளப் பெரிய கடற்படை வைத்திருந்தது, அதனால் உலகை ஆண்டது" என்று எழுதியவர்களுக்கெல்லாம் ஐந்துக்கு ஐந்து போட்டிருக்கிறேன். அந்த விடைத்தாள்களை இன்று திருத்தினால் மூன்றுதான் போடுவேன். மீதி இரண்டு மதிப்பெண்ணுக்கான பாடத்தைத்தான் இப்போது நடத்தப் போகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்துகிறேன். பிரிட்டனின் கடற்படை மூன்று வேலைகளைச் செய்தது. ஒன்று, எதிரி தன் கரையில் இறங்காமல் தடுப்பது. இரண்டு, நம்மைப் போன்ற நாடுகளைப் பிடித்து வைத்துக்கொள்வது. மூன்று, தன் மக்களுக்கு வரும் சோற்றைக் காப்பது. நான் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கிச் சொல்லிவிட்டேன்.

முதல் வேலையைப் பற்றி நாம் நிறையப் படித்திருக்கிறோம். 1588-இல் ஸ்பெயின் மன்னர் அனுப்பிய சுமார் 130 கப்பல்கள் கொண்ட ஆர்மடா தோற்றுத் திரும்பியது. 1805 அக்டோபர் 21 அன்று டிரபால்கர் முனைக்கு அருகே நெல்சனின் 27 கப்பல்கள், பிரெஞ்சு-ஸ்பானிய அணியின் 33 கப்பல்களை முறியடித்தன. "டிரபால்கர் வெற்றியால் நெப்போலியனின் படையெடுப்பு தடுக்கப்பட்டது" என்று உங்களில் பலர் என் கையால் எழுதிக்கொண்டீர்கள். அது சரியல்ல. ஆங்கிலக் கால்வாயைக் கடக்க நெப்போலியன் திரட்டி வைத்திருந்த படை, டிரபால்கருக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் முன்பே, ஆகஸ்டு மாதக் கடைசியில், கூடாரத்தைக் கலைத்துக்கொண்டு ஆஸ்திரியாவை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டது. அந்த வருடம் படையெடுப்பு நடக்காததற்கு முக்கியக் காரணம், பிரிட்டிஷ் கப்பல்கள் மாதக்கணக்கில், மழையிலும் குளிரிலும், பிரெஞ்சுத் துறைமுகங்களின் வாசலில் காவல் நின்றதுதான். அந்தக் காவலுக்குச் சிலை கிடையாது. வெற்றி பெற்ற போருக்கு லண்டனில் ஒரு சதுக்கமே இருக்கிறது.

டிரபால்கருக்குப் பிறகு நூறு ஆண்டு காலம் பிரிட்டனை எதிர்க்கக் கடலில் ஆளில்லை. இந்தக் காலத்தில் கடற்படை பெரிதாகவே இருந்ததற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டாவது வேலைதான். 1889-இல் ஒரு சட்டமே போட்டார்கள்: உலகின் இரண்டாவது, மூன்றாவது பெரிய கடற்படைகள் இரண்டும் சேர்ந்தாலும் பிரிட்டனை மிஞ்சக் கூடாது என்று. தீவைக் காக்க மட்டும் இவ்வளவு வேண்டியதில்லை. சீனாவில் அபினி விற்கவும், சூயஸைக் கையில் வைத்துக்கொள்ளவும், இந்தியாவை நழுவவிடாமல் இருக்கவும்தான் அது. 1946 பிப்ரவரியில் பம்பாயில் 'தல்வார்' பயிற்சி நிலையத்தில் தொடங்கிய கடற்படை மாலுமிகளின் எழுச்சி, அந்த இரண்டாவது வேலை முடிவுக்கு வந்துவிட்டது என்று அவர்களுக்குச் சொன்ன மணியோசை. 1968-இல் பிரிட்டிஷ் அரசே சூயஸுக்குக் கிழக்கே இருக்கும் தளங்களிலிருந்து விலகுவதாக அறிவித்தது. ஆகவே தம்பி, அந்த வேலைக்கான கடற்படை இன்று வேண்டாம். அதில் உனக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

மூன்றாவது வேலைதான் நான் வகுப்பில் விட்டுவிட்ட பாடம். அதை விளக்க நமக்குத் தெரிந்த ஒரு கப்பலையே எடுத்துக்கொள்கிறேன்.

சிறு வயதில் ஏதாவது சாமர்த்தியம் பண்ணினால் என் பாட்டி "நீ சரியான எம்டன்டா" என்பார். உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று குண்டு போட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்து எரிந்தன. சென்னையில் பாதிப்பேர் ஊரைவிட்டு ஓடினார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் அதற்கு நினைவுக் கல்வெட்டு இருக்கிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். எம்டன் சுமார் 3,600 டன் எடையுள்ள சிறிய கப்பல். அந்த நேரத்தில் உலகின் மிகப் பெரிய கடற்படை பிரிட்டனுடையது. 'டிரெட்நாட்' வகையைச் சேர்ந்த பெரும் போர்க்கப்பல்கள் மட்டும் அதனிடம் இருபதுக்கு மேல் இருந்தன. அவையெல்லாம் எங்கே? ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஸ்காப்பா ஃப்ளோ என்ற இடத்தில், ஜெர்மனியின் பெரிய கப்பல்கள் வெளியே வருமா என்று பார்த்துக்கொண்டு நின்றன. இங்கே இந்தியப் பெருங்கடலில் ஒரே ஒரு எம்டன் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது அல்லது பிடித்தது. காப்பீட்டுக் கட்டணம் ஏறியது. கப்பல்கள் துறைமுகத்தைவிட்டுக் கிளம்பப் பயந்தன.

எம்டனின் முடிவு எப்படி வந்தது என்பது அதைவிட முக்கியம். நவம்பர் 9 அன்று இந்தியப் பெருங்கடலின் நடுவில் இருக்கும் கோகோஸ் தீவுகளுக்கு அது போனது. எதற்கு? அங்கே இருந்த கடலடித் தந்திக் கம்பியை அறுக்க. தந்தி நிலையத்தில் இருந்தவர்கள் புதிய கப்பல் ஒன்று வருகிறது என்று உடனே செய்தி அனுப்பிவிட்டார்கள். பக்கத்துக் கடலில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைவீரர்களை ஏற்றிக்கொண்டு முப்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்குக் காவலாக வந்த 'சிட்னி' என்ற ஆஸ்திரேலியக் கப்பல் விரைந்து வந்து எம்டனை அடித்து நொறுக்கியது.

அதாவது, எம்டனைப் பிடித்தது இருபது பெரும் கப்பல்கள் அல்ல. ஒரு தந்திக் கம்பி, ஒரு காவல் கப்பல், உதவிக்கு வந்த ஒரு நேச நாடு. இந்த மூன்றையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் கேட்பேன்.

பிரிட்டனுக்கு இந்தப் பாடம் அப்போது புரியவில்லை. புரிய மூன்று வருடம் ஆயிற்று. 1846-இல் தானியச் சட்டங்களை நீக்கிய பிறகு அந்த நாடு வெளிநாட்டுக் கோதுமையை நம்பி வாழத் தொடங்கியிருந்தது. முதல் உலகப் போர் வந்தபோது அவர்கள் தின்ற கோதுமையில் ஐந்தில் நான்கு பங்கு கப்பலில் வந்தது. ஜெர்மானியர்கள் இதைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள். 1917 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து, எந்த நாட்டுக் கொடியாக இருந்தாலும் சரி, பிரிட்டனுக்குப் போகும் கப்பல் என்றால் நீர்மூழ்கிக் கப்பலால் எச்சரிக்கையின்றி அடித்தார்கள். அந்த ஏப்ரல் மாதத்தில் மட்டும் எட்டரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கப்பல்கள் மூழ்கின. பிரிட்டனை விட்டு வெளிநாடு கிளம்பிய நான்கு கப்பல்களில் ஒன்று திரும்பி வரவில்லை. கையிருப்புக் கோதுமை சில வாரங்களுக்குத்தான் இருந்தது. இப்படியே போனால் போரில் தோற்றுவிடுவோம் என்று கடற்படைத் தலைவர் ஜெல்லிகோவே அமெரிக்க அட்மிரல் சிம்ஸிடம் சொன்னார். உலகின் மிகப் பெரிய கடற்படையின் தலைவர் சொன்ன வார்த்தை இது!

வழி ஒன்று இருந்தது. கப்பல்களைத் தனித்தனியாக விடாமல் கூட்டமாக அனுப்பி, கூடவே காவல் கப்பல்களை அனுப்புவது. கான்வாய் என்பார்கள். உங்களை மகாபலிபுரத்துக்குச் சுற்றுலா கூட்டிப்போனபோது என்ன செய்தோம்? அறுபது பேரை இஷ்டத்துக்குச் சாலையைக் கடக்க விட்டோமா? வரிசையாக நிற்க வைத்து, முன்னே ஒரு ஆசிரியர், பின்னே ஒரு ஆசிரியர் நின்று கூட்டிப்போனோம் அல்லவா? அதேதான். கடல் மிகப் பெரியது. முப்பது கப்பல் ஒன்றாகப் போனாலும் நீர்மூழ்கியின் கண்ணில் படும் வாய்ப்பு, ஒரு கப்பல் போவதைவிட அதிகம் ஒன்றும் கூடிவிடாது. கண்ணில் பட்டாலும் பக்கத்தில் காவல் இருக்கிறது.

ஆனால் கடற்படை அலுவலகம் முடியாது என்றது. ஏன் தெரியுமா? வாரத்துக்கு 2,500 கப்பல்கள் உள்ளே வருகின்றன, 2,500 வெளியே போகின்றன, இத்தனைக்கும் காவல் போட எங்கே கப்பல் இருக்கிறது என்றார்கள். ஹென்டர்சன் என்ற அதிகாரி ஒருவர் உட்கார்ந்து அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தார். பக்கத்து ஊருக்குப் பக்கத்து ஊர் கரையோரமாகப் போகும் சின்னச் சின்னப் படகுகளையெல்லாம் சேர்த்துத்தான் 2,500! பெருங்கடல் தாண்டி வரும் உண்மையான கப்பல்கள் வாரத்துக்கு 120 முதல் 140தான். நாள் ஒன்றுக்கு இருபது. மே மாதம் 10-ஆம் தேதி ஜிப்ரால்டரிலிருந்து சோதனையாக முதல் கான்வாய் கிளம்பி, பத்திரமாக வந்து சேர்ந்தது. அதன் பிறகு கான்வாயில் போன கப்பல்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றுதான் மூழ்கியது. நான்கில் ஒன்று எங்கே, நூற்றில் ஒன்று எங்கே! ஒரு நாடு கணக்குத் தவறாகப் போட்டதால் பட்டினியின் வாசல் வரை போய் வந்தது. கணக்குப் பாடம் எதற்கு என்று கேட்டவர்கள் இதைப் படிக்கவும்.

இரண்டாம் உலகப் போரில் பாடம் நினைவிருந்தது. முதல் வாரங்களிலேயே கான்வாய் தொடங்கிவிட்டார்கள். ஆனால் காவலுக்குப் போகும் சிறிய கப்பல்கள் போதவில்லை. 1940 செப்டம்பரில், தன் தீவுகளில் தளம் அமைக்க 99 ஆண்டுக் குத்தகைக்கு இடம் கொடுத்து, அமெரிக்காவிடமிருந்து 50 பழைய டிஸ்ட்ராயர் கப்பல்களை வாங்கியது பிரிட்டன். பெரிய பண்ணையார் வீட்டில் தேர் இருக்கிறது, வயலுக்கு ஓட்ட வண்டிமாடு இல்லை என்ற கதைதான்.

பெரிய கப்பல்களின் கதியையும் பாருங்கள். பிரிட்டனின் பெருமையாக இருந்த 'ஹுட்' 1941 மே 24 அன்று சில நிமிடங்களில் மூழ்கியது. 1,418 பேரில் மூன்று பேர் மட்டுமே பிழைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 10 அன்று மலாயாக் கரைக்கு அருகே 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்ற இரண்டு பெரும் கப்பல்களையும் ஜப்பானிய விமானங்கள் ஒரே நாளில் மூழ்கடித்தன. அதன் பிறகு சிங்கப்பூர் விழ இரண்டு மாதம் சொச்சம்தான் ஆயிற்று. மலாயாத் தோட்டங்களில் இருந்த நம் மக்கள் ஆயிரக்கணக்கில் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டது அதற்கு அப்புறம்தான். 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. மட்டக்களப்புக்கு அருகே 'ஹெர்மஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. சென்னை நகரையே காலி செய்யச் சொன்னார்கள்.

அட்லாண்டிக் கடலில் சோறு கொண்டு வந்தவை வேறு கப்பல்கள். திமிங்கில வேட்டைப் படகின் அமைப்பை வைத்து அவசரமாகக் கட்டிய 'கார்வெட்' என்ற சிறு கப்பல்கள். பூக்களின் பெயரை அவற்றுக்கு வைத்தார்கள். மணிக்கு 16 கடல் மைல் வேகம்தான். மேலே மிதந்து ஓடும் நீர்மூழ்கிகூட அதைவிடக் கொஞ்சம் வேகமாகப் போகும். ஆனால் எண்ணிக்கையில் நிறைய இருந்தன. கனடாவும் தன் பங்குக்குக் கட்டி அனுப்பியது. அத்துடன் ரேடார், நீண்ட தூரம் பறக்கும் விமானங்கள், எதிரியின் ரகசியக் குறியீட்டைப் பிரித்துப் படித்தவர்கள். இவை எல்லாம் சேர்ந்து 1943 மே மாதத்தில் மட்டும் 41 நீர்மூழ்கிகளை அழித்தன. அதற்கு முன்னும் பின்னும் அட்லாண்டிக்கில் மூழ்கிய வணிகக் கப்பல்கள் சுமார் 3,500. அவற்றில் அடுப்பறையில் கரி அள்ளியவர்களில் நம் நாட்டு லஸ்கர் மாலுமிகளும் உண்டு. அவர்களைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை. நானும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அங்கே ஒரு ஆளுக்கு வாரம் ஐம்பது கிராம் சொச்சம் தேயிலை, ஒரு முட்டை என்று ரேஷன். 1940 ஜனவரியில் தொடங்கிய ரேஷன் 1954 ஜூலையில்தான் முழுவதும் முடிந்தது. வென்ற நாட்டுக்கே அந்த நிலை.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் மறுபடியும் பாதிப் பாடம்தான். 1943 தொடக்கத்தில் இந்தியப் பெருங்கடலில் ஓடிய வணிகக் கப்பல்களில் பெரும் பகுதியை சர்ச்சிலின் அரசு அட்லாண்டிக் பக்கம் திருப்பியது, தங்கள் தீவில் உணவுக் கையிருப்பு குறையக் கூடாது என்று. அதே ஆண்டுதான் வங்காளப் பஞ்சம். பஞ்சத்துக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். பர்மா அரிசி நின்றது, விலை ஏறியது, பதுக்கல், நிர்வாகத்தின் அலட்சியம் எல்லாம் சேர்ந்தது. ஆனால் கப்பல் கேட்டபோது கப்பல் இல்லை. சுமார் முப்பது லட்சம் பேர் மாண்டார்கள் என்று பலர் கணக்கிடுகிறார்கள். ஒரு தீவின் கப்பல் யார் வாசலுக்குச் சோறு கொண்டு போகிறது என்பதில் இன்னொரு நாட்டின் உயிரும் இருக்கிறது.

இன்னொரு தீவு நாடான ஜப்பானையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உலகிலேயே பெரிய போர்க்கப்பலான 'யமாட்டோ'வைக் கட்டியது அவர்கள்தான். ஆனால் எண்ணெயும் அரிசியும் கொண்டு வரும் கப்பல்களுக்குக் காவல் போடுவதை அலட்சியம் செய்தார்கள். அமெரிக்க நீர்மூழ்கிகள் அந்த வணிகக் கப்பல்களை ஒவ்வொன்றாக மூழ்கடித்தன. கடைசியில் எண்ணெய்க்கும் பஞ்சம், சோற்றுக்கும் பஞ்சம். யமாட்டோவும் 1945 ஏப்ரல் 7 அன்று மூழ்கியது.

"சார், இதெல்லாம் பழைய கதை" என்று அந்த மாணவன் சொல்வான். சரி, நாம் பிறந்த பிறகு நடந்ததைப் பார்ப்போம். 1981-இல் பிரிட்டிஷ் அரசு கடற்படையைக் குறைக்கத் திட்டம் போட்டது. பல கப்பல்களை நிறுத்துவது, 'இன்வின்சிபிள்' என்ற விமானந்தாங்கிக் கப்பலை ஆஸ்திரேலியாவுக்கு விற்பது, தென் அட்லாண்டிக்கில் ரோந்து போன 'எண்டூரன்ஸ்' என்ற ஒற்றைக் கப்பலைத் திரும்ப அழைப்பது. மறு வருடம் ஏப்ரல் 2 அன்று அர்ஜென்டினா ஃபாக்லாந்து தீவுகளில் படை இறக்கியது. 8,000 மைலுக்கு அப்பால் பிரிட்டன் அனுப்பியவை 127 கப்பல்கள். அதில் போர்க்கப்பல்கள் 43. கடற்படையின் சரக்கு, எண்ணெய்க் கப்பல்கள் 22. மீதி 62 கப்பல்களும் சாதாரண வணிகக் கப்பல்கள். உல்லாசப் பயணக் கப்பலான 'குயின் எலிசபெத் 2' கூடப் படைவீரர்களை ஏற்றிக்கொண்டு போனது. 'அட்லாண்டிக் கன்வேயர்' என்ற சரக்குக் கப்பல் மூழ்கியபோது அதிலிருந்த ஹெலிகாப்டர்களும் போனதால், வீரர்கள் மூட்டையைச் சுமந்துகொண்டு தீவின் குறுக்கே நடந்தார்கள். ஜூன் 14-இல் போர் முடிந்தது. பிரிட்டன் பக்கம் 255 பேர், அர்ஜென்டினா பக்கம் 649 பேர், தீவுவாசிகள் 3 பேர் இறந்தார்கள்.

அந்தப் போரில் தலைமைக் கப்பலாக இருந்த இன்னொரு 'ஹெர்மஸ்'ஸைத்தான் நாம் வாங்கி 'விராட்' என்று பெயரிட்டு 2017 வரை ஓட்டினோம். உங்களில் சிலர் படத்தில் பார்த்திருப்பீர்கள்.

ஃபாக்லாந்திலிருந்து பெரிய கடற்படை வேண்டும் என்று சிலர் முடிவு கட்டுவார்கள். எனக்குப் படுவது வேறு. ஒற்றை ரோந்துக் கப்பலைத் திரும்ப அழைக்கப் போகிறோம் என்றது, எதிரிக்கு "இவர்களுக்கு அக்கறையில்லை" என்று சொன்னது போல ஆயிற்று. அந்த ஒன்றை மிச்சம் பிடிக்கப் பார்த்து நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்களை அனுப்ப வேண்டி வந்தது. வாசலில் நிற்கும் காவலாளியின் சம்பளம் வீண் செலவு மாதிரிதான் தெரியும், திருடன் வரும் வரை.

இப்போது இன்றைய நிலைக்கு வருகிறேன். தம்பி அனுப்பிய படத்தில் இருப்பது 65,000 டன் எடையுள்ள கப்பல். பிரிட்டன் கடற்படையின் வரலாற்றில் இதைவிடப் பெரியது கட்டியதில்லை. இரண்டு கட்டினார்கள். 2022 ஆகஸ்டில் அதில் ஒன்று துறைமுகத்தைவிட்டுக் கிளம்பிய மறுநாளே, உந்துவிசிறித் தண்டின் இணைப்பு பழுதாகி நின்றுவிட்டது. இயந்திரம் என்றால் பழுதாகும், அது பெரிய குற்றமில்லை. என் கவலை வேறு. இந்தப் பெரிய கப்பல் தனியாகப் போக முடியாது. சுற்றிக் காவல் கப்பல்கள் வேண்டும். ஃபாக்லாந்துப் போரின்போது பிரிட்டனிடம் டிஸ்ட்ராயர், ஃபிரிகேட் வகைக் கப்பல்கள் ஐம்பதுக்கு மேல் இருந்தன. இப்போது டிஸ்ட்ராயர் ஆறு, ஃபிரிகேட் பத்துக்கும் குறைவு. அதிலும் பாதி எப்போதும் பட்டறையில் இருக்கும். இருக்கும் கப்பலுக்கு மாலுமிகள் கிடைப்பதும் கஷ்டமாக இருக்கிறது.

அந்த நாடு உண்ணும் உணவில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் இன்றும் வெளியிலிருந்து வருகிறது. 1994 முதல் கால்வாயின் அடியில் ரயில் சுரங்கம் ஓடினாலும், சரக்கில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இன்னும் கடல் வழிதான். அன்றைய தந்திக் கம்பியின் இடத்தில் இன்று இணையக் கம்பி. நான் இங்கே எழுதுவதை லண்டனில் இருக்கும் என் அக்கா மகள் படிப்பது செயற்கைக்கோள் வழியாக என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை; கண்டங்களுக்கிடையே போகும் செய்திகளில் மிகப் பெரும்பகுதி கடலடிக் கம்பியில்தான் போகிறது. 1914 ஆகஸ்டில் போர் தொடங்கியதும் பிரிட்டன் செய்த முதல் காரியங்களில் ஒன்று ஜெர்மனியின் கடலடிக் கம்பிகளை அறுத்தது. அறுக்கத் தெரிந்தவர்களுக்கு, மற்றவர்களும் அறுப்பார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

"ஏவுகணையும் டிரோனும் வந்த பிறகு கப்பலே எதற்கு?" என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. பெரிய கப்பல் எதுவும் இல்லாத உக்ரைன், 2022 ஏப்ரலில் ரஷ்யாவின் 'மாஸ்க்வா'வை மூழ்கடித்தது. பிறகு ஆளில்லாப் படகுகளை வைத்து ரஷ்யக் கப்பல்களைப் பின்வாங்க வைத்து, தன் தானியக் கப்பல்களுக்கு வழி திறந்தது. ஆனால் கருங்கடல் நாலு பக்கமும் கரை சூழ்ந்த கடல். அட்லாண்டிக் அப்படியல்ல. கரையிலிருந்து அனுப்பும் டிரோன் நடுக்கடலில் போகும் கப்பலுக்குத் துணை போக முடியாது.

இதில் நம் வீட்டுப் பிள்ளைகளும் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள். நம் பள்ளியில் படித்த ஒருவன் சரக்குக் கப்பலில் என்ஜினியர். 2024 தொடக்கத்தில் செங்கடலில் ஹூதிகள் தாக்கிக்கொண்டிருந்தபோது அவன் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனது. அவன் அம்மா என்னைக் கடைத்தெருவில் பார்க்கும்போதெல்லாம், "சார், பேப்பர்ல ஏதாவது போட்டிருக்கானா?" என்று கேட்பார். அந்த ஜனவரி 26 அன்று ஏடன் வளைகுடாவில் 'மார்லின் லுவாண்டா' என்ற எண்ணெய்க் கப்பல் ஏவுகணை பட்டு எரிந்தது. பிரிட்டனோடு தொடர்புடைய கப்பல். கொடி மார்ஷல் தீவுகளுடையது. உள்ளே இருந்தவர்களில் 22 பேர் இந்தியர்கள். நெருப்பை அணைக்க ஆள் அனுப்பிய கப்பல்களில் நம் 'விசாகப்பட்டினம்' ஒன்று. அவன் அந்தக் கப்பலில் இல்லை. ஆனாலும் அன்று இரவு அந்த அம்மாவுக்குத் தூக்கம் இருந்திருக்காது.

இன்று பிரிட்டனின் சரக்கை யார் சுமக்கிறார்கள் என்பதற்கு இதுவே விடை. 1982-இல் கூப்பிட்டதும் வந்த 62 வணிகக் கப்பல்கள் மாதிரி இன்று திரட்டுவது கடினம். பெரும்பாலான சரக்கு வேறு நாட்டுக் கொடியில், தூத்துக்குடிப் பிள்ளையும் கேரளத்துப் பிள்ளையும் பிலிப்பைன்ஸ் பிள்ளையும் ஓட்டும் கப்பலில் வருகிறது.

ஆகவே தம்பி, உன் கேள்விக்கு என் திருத்திய விடை இது:

உலகை ஆளும் கடற்படை பிரிட்டனுக்கு வேண்டாம். அது என்றுமே தீவின் தேவையாக இருந்ததில்லை, ஆசையாக இருந்தது. ஆனால் தீவு என்பது மாறவில்லை. சோறும் செய்தியும் கடல் வழியாக வரும் வரை அந்த வழிக்குக் காவல் வேண்டும். அந்தக் காவலுக்குப் பார்த்ததும் வாய் பிளக்க வைக்கும் இரண்டு கப்பலைவிட, பெயர் தெரியாத இருபது, முப்பது நடுத்தரக் கப்பல்களும், அவற்றை ஓட்டப் போதுமான ஆட்களும், அவர்களுக்கு ஒழுங்கான சம்பளமும் முக்கியம். எல்லாக் கடலிலும் தனியாக நிற்க இனி எந்த நாட்டாலும் முடியாது. நட்பு நாடுகள் வேண்டும். எம்டன் கதையில் மூன்று விஷயத்தைக் குறித்துக்கொள்ளச் சொன்னேனே: கம்பி, காவல் கப்பல், துணைக்கு வந்த நாடு. நூறு வருடத்துக்கு மேல் ஆன பிறகும் விடை அதே மூன்றுதான்.

பணம் எங்கே என்று கேட்பாய். நியாயம்தான், அங்கேயும் ஆஸ்பத்திரியில் வரிசை நீளமாக இருக்கிறது என்று நீயே எழுதியிருந்தாய். அதனால்தான் சொல்கிறேன், 'பெரிய' கடற்படையா என்று கேட்காதே. போன கப்பல் திரும்பி வருகிறதா என்று கேள். 1917-இல் இருபதுக்கு மேற்பட்ட பெரும் கப்பல்களை வைத்துக்கொண்டு தோற்கப் பார்த்தவர்களை நாம் இப்போதுதான் பார்த்தோம்.

இந்தப் பாடத்தை நான் பணியில் இருந்தபோதே நடத்தியிருக்க வேண்டும். எம்டன் பெயரைத் தினமும் வாயில் வைத்திருந்தும் அதன் பாடத்தைக் கவனிக்காமல் விட்டேன். அதற்காக என்னிடம் படித்த எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்துக்கு ஐந்து வாங்கியவர்கள் பயப்பட வேண்டாம், மதிப்பெண்ணைக் குறைக்கமாட்டேன்.

கப்பலில் வேலை பார்க்கும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், எந்தக் கடலில் இருக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். முதலில் உங்கள் அம்மாவுக்கு ஒரு போன் போடுங்கள், எனக்கு அப்புறம் எழுதலாம். நான் எழுதியதில் பிழை இருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள். சிவப்புப் பேனா இனி உங்கள் கையில்.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் சார்